எல்.சி. இல்லாத லைன்

இருநூறுக்கு நூற்றுப் பத்து.
மெஷின் தப்பென்று வேறு மெஷின் கொண்டுவந்தார்கள்.
அதிலும் அதேதான், இரண்டு கூட.

ஒத்தக்கடை செக்‌ஷனில் பத்தொன்பது வருஷம் கம்பம் ஏறியவன்.
எந்த ஜம்பர் கருகும், எந்தத் தெருவில் லோடு கூடும்
ஆனைமலை நிழல் ரோட்டைத் தொடுவதற்குள் சொல்லிவிடுவேன்.
எனக்குள் ஓடும் வோல்டேஜ் மட்டும்
மூன்று டாக்டருக்கும் பிடிபடவில்லை.

ஒரு மாத்திரை இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு.
அதில் ஒன்று ஒன்றுக்கு விரட்டும்.
பாதிக் கம்பத்தில் பெல்ட்டை அவிழ்த்து இறங்கியிருக்கிறேன்,
கீழே பிச்சைக்கனி ஃபோர்மேன் சிரிக்க.

ஊர் தீர்ப்பை முன்பே எழுதிவிட்டது.
கருவாடு என்றார் ஃபோர்மேன்.
கோபம் என்றான் மச்சான், கோபமாக.
முத்துராக்கு ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையில் காலிக் குழிகளை எண்ணினாள்.
நான் குளிக்கும் நேரம் குப்பைக்கூடையைக் கிளறி
முழு மாத்திரை கிடக்கிறதா என்று அவள் தேடிய சத்தம்
வாளி நிறையும் சத்தத்துக்குள் கேட்டது.
அப்போது அளந்திருக்க வேண்டும்.

டாக்டர் மெஹருன்னிசாவும் அதைத்தான் கேட்டார்,
கொஞ்சம் மரியாதையாக.
"தெனமும் போடுறீங்களா?"
போடுறேன்.
"நாலும்?"
நாலும்.
நம்பினாரா தெரியாது. ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.
என் மூத்திரம் சென்னைக்குப் போனது.
நான் போனதில்லை.
ஒன்பதாம் நாள் தாள் வந்தது:
நாலு மருந்தும் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சாட்சி சொல்ல
என் மூத்திரம்தான் வந்தது.
தாளை முத்துராக்குவிடம் கொடுத்தேன்.
படித்தாள். மறுபடி படித்தாள்.
ரேஷன் கார்டு இருக்கும் பைக்குள் வைத்தாள்.

பிறகு குறட்டையை அளந்தார்கள்.
சிறுநீரகத்தின் உச்சியில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும்
சுரப்பியைப் படம் பிடித்தார்கள். அதன்மேலும் குற்றமில்லை.
கடைசியில் டாக்டர் காகிதத்தில் ஒரு குழாய் வரைந்து
அதைச் சுற்றி நூல் நூலாய்க் கிறுக்கினார்.
சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய், அதைத் தழுவிய நரம்புகள்.
"போதல, இன்னும் அழுத்துன்னு ராப்பகலா சொல்லிக்கிட்டே இருக்கு."
கொக்கி போட்டுக் கரண்ட் திருடுதா என்றேன்.
சிரித்தார். "இல்ல, ஒரிஜினல் கனெக்‌ஷன்தான். வாய்தான் ஓயல."

உள்ளே கம்பி விட்டுச் சூடு காட்டி
அந்த நரம்புகளைச் சுடுவார்களாம்.
"பத்து குறையலாம், பதினஞ்சு குறையலாம்.
சிலருக்கு ஒண்ணுமே குறையாது."
யாருக்குக் குறையும்னு முன்னாடியே தெரியுமா?
"தெரியாது."
தெரியாது என்ற முதல் டாக்டர் அவர்தான்.
கையெழுத்துப் போட்டேன்.

லைனில் கை வைக்குமுன் எல்.சி. வாங்குவோம்.
சப்ளையை நிறுத்தி, நேரம் எழுதி, எர்த் ராடு மாட்டி,
செத்த கம்பி என்று உறுதியான பிறகுதான் விரல் படும்.
மேஜையில் படுத்தபோது அது ஞாபகம் வந்தது.
இதயத்தை யாரும் ஆஃப் பண்ணவில்லை.
ஓடுகிற லைனிலேயே வேலை.

தொடை இடுக்கில் ஒரு குத்து.
கம்பி ஏறியது, நான் கிடந்தேன்.
இடுப்புக்குள் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி,
அணைந்து, நகர்ந்து, இன்னொன்று.
அரை மயக்கத்தில் எண்ணினேன்.
வலப்பக்கம் எட்டு. இடப்பக்கம் ஐந்துக்குமேல் தெரியாது.

மறுநாள் நூற்று எண்பத்தெட்டு.
"இதுக்குத்தானா?" மச்சான் பழத்தோடு வந்து கேட்டான்.
முதல் மாதம் எழுபத்தாறு.
நாலாம் மாதம் ஐம்பத்திரண்டு, என் வயசு,
முன்னால் அந்த நூறு இன்னும் நிற்கிறது.
ஒரு மாத்திரையை நிறுத்தினார்கள், விரட்டுகிற அதை அல்ல.
ஃபோர்மேன் இன்னும் ஏணியைத் தரவில்லை.
கீழே நின்று கயிறு பிடிக்கிறேன்.

இன்றிரவு கையில் பட்டை கட்டி அனுப்பியிருக்கிறார்கள்,
அரைமணிக்கு ஒருதரம் தானாக அளக்குமாம்.
உர்ரென்று காற்றடிக்கிறது.
இருட்டில் முத்துராக்கு கேட்கிறாள், "எவ்வளவு?"
இது காட்டாது, காலையில் அவங்க எடுத்துப் பார்ப்பாங்க.
"சரி" என்று திரும்பிப் படுத்துக் கைக்கு இடம் விட்டாள்.

மறுபடி இறுக்குகிறது.
இறுக்கும்போது அசையக்கூடாது.
நான் அசையவில்லை.
அவளும்.