மறைவு 1951

ஜனவரி. வில்னியஸில் நாலு மணிக்கே இருட்டு.
திரையில் மூன்று பெண்கள்.
ஒரே ஆளா என்று கணினி கேட்கிறது,
அறுபத்திரண்டு சதவீதம் இருக்கலாமாம்.

முதலாமவள் லியுத்விகா டௌகிர்டைதே.
1938, கௌனஸில் அச்சான கவிதை நூல்,
விலை இரண்டு லித்தாஸ்.
மணமாகாதவள் என்று விகுதியே ஊருக்குச் சொல்லிவிடும்.

இரண்டாமவள் பால்ஸியேனே.
எங்கள் மொழியில் கல்யாணம்
பெயரின் கடைசி அசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
என்னுடையது விவாகரத்துக்குப் பிறகும் எழுந்து போகவில்லை;
அடையாள அட்டைக்குப் புதுப்படம் எடுக்கச் சோம்பல்.
மாஸ்கோ நூலகம் இவளை ருஷ்ய எழுத்தில் வைத்திருக்கிறது.
நாடுகடத்தப்பட்டோர் பட்டியலிலிருந்து யாரோ ஒட்டிய குறிப்பு:
தோம்ஸ்க். மறைவு 1951.

மூன்றாமவள் லுடோவிகா பால்சிஸ், புவெனஸ் ஐரெஸ்.
கப்பல் இறங்கியவளுக்குக் குமாஸ்தா எழுதியதே பெயர்.
ஐம்பத்தொன்றில் செத்தவள்
ஐம்பத்தெட்டில், ஸ்பானிஷில்,
பொத்தான் துளை தைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

(தேனீ வளர்ப்பு எழுதிய வார்சா லுட்விகா ஒருத்தியும்
கூட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
அவளை முதலிலேயே பிரித்து அனுப்பிவிட்டேன்.)

நெலிடா ஃபர்ருஜாவுக்கு எழுதினேன்.
அங்கே கோடை, காலை பதினொன்று.
மறுநாள் வந்தது தையல் நூலின் முதல் தாள், படமாக:
யாருக்கோ கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறாள்.
பால்சிஸ் என்று முடித்த பின்னும்
பேனா நிற்கவில்லை,
இன்னோர் அசை எழுத வந்து
நினைவு வந்ததுபோல்
வெறும் கோடாக இழுத்துவிட்டிருக்கிறது.
எங்கள் கவிதைப் பிரதியிலும் கையெழுத்து உண்டு.
முதல் எழுத்து இரண்டிலும்
திரும்பிப் பார்க்கும் வாத்தின் கழுத்து.

இது போதுமா என்றார் வால்டாஸ், என் மேலாளர்.
போதாது.
போதாது என்றே குறிப்பில் எழுதிவிட்டு
இணைத்தேன்.

எந்தப் பெயரையும் அழிப்பதில்லை, அது விதி.
எல்லாம் ஒரே எண்ணின் கீழ்,
ஒன்றைக் கேட்டால் மற்றதைக் காட்டும்.
அழிக்க நேர்ந்தது ஓர் ஆண்டை மட்டும்.
நான்கு தட்டல்.
1911, ஒரு சிறு கோடு, அப்புறம் வெள்ளை.

மேலங்கி மாட்டும்போதுதான் தோன்றியது:
அப்படியானால் தோம்ஸ்க்கில் புதைத்தது யாரை?

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
புதிய பதிவு. அதே பெயர். மறைவு 1951.
நூல்கள் என்ற கட்டத்தில் எதையாவது நிரப்பாமல்
கணினி சேமிக்க மறுக்கிறது.
காவலாளி விளக்கணைத்துக்கொண்டே வருகிறார், மாடி மாடியாக.