கவுதாரிமலைக் கல்

கீழச்சிவல்பட்டி தாண்டிச் செம்மண் பாதையில் நாலு மைல்.
ஸ்கூட்டியை வேலிக்கருவை ஓரம் நிறுத்திவிட்டு
படிவம் பதினேழுடன் ஏறினேன்.
நினைவுச் சின்னங்கள், கிராம வாரியாக,
வெள்ளிக்கிழமைக்குள்.

தலையாரி கொச்சடை முன்னால் நடந்தார்
செருப்பைக் கையில் பிடித்தபடி.
மேலே சாமி இல்லையே என்றேன்.
போட்டால் வழுக்கும் என்றார்.

உச்சியில் இடுப்பளவு கல்.
ஆட்டுப்புழுக்கை, உடைந்த பீர் பாட்டில்,
யாரோ ஆணியால் கீறிய அபிராமி, ஓர் அம்புக்குறி.
‘நேசப் படையில் நின்று
பர்மா முனையில் உயிர் நீத்தோர்.’
நேசம் என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்து
நான் யோசித்ததே இல்லை.
யாருக்கு யார்மேல் என்று கல்லில் இல்லை.
மாதம் பதினெட்டு ரூபாய் என்பது மட்டும்
கொச்சடைக்குத் தெரிந்திருந்தது.

பெயர்கள் சுண்டுவிரல் உயரம்:
நாச்சான், மலைக்கண்ணு, சந்தியாகு,
பீர் ஒலி, இரண்டு வெள்ளையன்...
அடியில் சாண் உயர எழுத்தில்
உபயம், ராம. பெ. சித. குடும்பத்தார்.
ஐராவதிக் கரையில் அவர்களுக்கு வயல் போயிருந்தது.
நிலம் போனதற்கும் ஆள் போனதற்கும்
ஒரே கல் போதும் என்று நினைத்திருக்கலாம்.

பதினொன்று, எழுதினேன்.
பத்து, என்றார் கொச்சடை.

கடைசிப் பெயர் அடைக்கலம்.
கல் நட்ட மறுவருஷம்
தாடியும் ஒரு தகரக் குவளையுமாக
நடந்தே வந்து சேர்ந்தாராம்.
எழுத்தை அழிக்கக் கூலி யார் தருவது என்பதில்
பேச்சு நின்றுவிட்டது.
பென்ஷன் கேட்டுப் போனால்
செத்தவருக்குக் கிடையாது என்றார்கள்.
விதவைக்கு உண்டு என்றார்கள்.
மாதா மாதம் சைக்கிளில் மனைவியை வைத்து மிதிப்பார்.
அவள் உள்ளே கைநாட்டு வைக்கும்வரை
வெளியே புளியமரத்தடியில் நிற்பார்,
யாரோ போல.

வருஷத்துக்கு ஒருதரம் இங்கே ஏறி
சுண்ணாம்பு குழைத்துப்
பத்துப் பெயர்களின் பள்ளத்திலும் பூசுவார்.
தன் பெயரைப் பாசிக்கு விட்டுவிடுவார்.

விரல் வைத்துப் பார்த்தேன்.
பத்திலும் வெள்ளை இன்னும் துளித்துளியாக ஒட்டியிருந்தது.
பதினோராவது கறுப்பு.
ஓர் எறும்பு ‘டை’யில் இறங்கி
‘ம்’மில் ஏறிப் போனது.

எப்போது தவறினார்?
எண்பத்தெட்டில், மஞ்சக்காமாலை.
யோசித்துவிட்டுச் சொன்னார்:
‘அப்ப பதினொண்ணு சரிதாம்மா.’

அடுத்த கட்டம்: பராமரிப்பவர்.
பேனா வெயிலில் கசிந்தது.
கீழே திருப்பத்தூர் பஸ்
யாருமில்லாத நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.
கொச்சடை மடியிலிருந்து
வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத்
திறந்து பார்த்தார்.
காணாது, என்றார்.