எது நிற்கும்

போன மார்கழியில் மூன்று இரவு
காற்றும் மழையும் விலகாமல் நின்றன.
விடிய, தரவையில் மாடுகள்
கால் நீட்டிக் கிடந்தன. காயம் ஒன்றும் இல்லை.
குளிர், என்றார் மிருக வைத்தியர்.
அவருடைய படிவத்தில் குளிருக்குப் பெட்டி இல்லை.
'மற்றவை'யில் சரி போட்டுவிட்டு
மழைக்கோட்டோடு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அதனால் இந்தப் புரட்டாதியில்
விதைக் கடையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று:
எது நிற்கும்?

அரியரத்தினம் அண்ணை
பைக்கற்றுகளைச் சீட்டுக்கட்டாய் விரித்தார்.
கோவா. கரட். பீற்றூட். முள்ளங்கி.
எல்லாப் படத்திலும் ஒரே வெயில்.
"கோவா குளிருக்கு நல்லம் தங்கச்சி,
நுவரெலியாவில பாருங்கோ..."
நுவரெலியாவில் குளிர் மலையிலிருந்து இறங்கி வருகிறது அண்ணை,
விசுவமடுவில் அது
முழங்காலளவு தண்ணிக்குள்ளால் நடந்து வருகிறது.

தக்காளியைத் தொடவில்லை.
அதற்கு ஒரு தூறல் காணும், தலை தொங்க.
கத்தரி, மிளகாய் தைக்குப் பிறகு.
பீற்றூட்டும் முள்ளங்கியும் எடுத்தேன்,
கரட்டை அவர் கடனுக்குத் தந்தார்.

மச்சாள் சுகிர்தாவின் பொதி வந்திருந்தது, நோர்வேயிலிருந்து.
பிள்ளையின் சப்பாத்துக்குள் ஒரு மடித்த தாள்,
அதற்குள் கடுகு மாதிரி விதை.
கேல், என்று எழுதியிருந்தாள்.
*ஸ்நோவுக்கு மேல பச்சையா நிக்கும்.
உறைய உறைய இனிக்கும். சாகாது.*

பாத்திகளை இரண்டடி உயர்த்தினோம்.
வாய்க்காலை அவர் வெட்டினார், குளத்துப் பக்கம் சரிவாய்.
நாலாம் நாள் மண்வெட்டி
இரும்பில் பட்டு 'ணங்' என்றது.
அவர் கையை எடுக்கவில்லை,
நான் மூச்சை விடவில்லை.
குனிந்து விரலால் கிளறினார்:
சைக்கிள் செயின் மூடி.
இருவரும் சிரித்தோம், அளவுக்கு மிஞ்சி.
பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனேன்,
கை நடுங்கியதில் சீனி பாதி கீழே.

கார்த்திகையில் ஆறு நாள் விடாத மழை.
கரட் மண்ணுக்குள் இரண்டு காலாய்ப் பிரிந்தது.
முள்ளங்கி வெடித்தது, ஆனாலும் விற்றது.
மேட்டுப் பாத்திப் பீற்றூட் கைமுட்டி அளவு,
இலையைக் கன்று தின்றது,
இந்த முறை அதற்கு இரண்டு உரச் சாக்கைத் தைத்துப் போர்த்தியிருந்தோம்.

கேல் நின்றது.
மழை முழுக்க நின்றது, பச்சையாய், சுருண்ட இலையோடு,
எனக்கே பெருமையாய் இருந்தது.
ஏழாம் நாள் ஒன்றைப் பிடித்தேன்,
வேரில்லாமல் கையோடு வந்தது.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
மேலே தெரியவில்லை, கீழே எப்போதோ முடிந்திருந்தது.

இராசவள்ளி எதிர்மாறு.
கொடி காய்ந்து சருகாய்த் தொங்கியது,
செத்துப்போச்சு என்று மறந்தே போனேன்.
தையில் கிண்டினால்
முழங்கை நீளத்தில் ஊதாக் கிழங்கு,
அலவாங்கு பட்ட இடத்தில் பளிச்சென்ற நிறம்.

இதற்கிடையில் வேலியில் முசுட்டை.
யாரும் நடவில்லை, யாரும் தண்ணி விடவில்லை,
மழை வந்ததும் வந்தது.
வறை வறுத்தேன், மூன்று கிழமை.
சந்தைக்குக் கொண்டுபோனால்
"வேலியில கிடக்கிறதுக்குக் காசோ?" என்றாள் ஒருத்தி.
வாங்கினாள் பிறகு, இரண்டு பிடி.

சுகிர்தாவுக்குச் சொன்னேன்.
குரல் செய்தியில் அவள் கொஞ்சம் கோபித்தாள்,
விதையை நான் அவமதித்தது போல.
ஒன்று மிஞ்சியிருக்கு என்றேன்.
வெடித்த வாளிக்குள் போட்டது,
கிணற்றுக் கட்டில், ஈரம் தங்காத இடம்.
இலை பறிக்கவில்லை. விதைக்கு விட்டிருக்கிறேன்.

கன நேரம் கழித்துப் பதில் வந்தது.
விதை வைக்காதாம், மச்சாள்.
பூக்கிறதுக்கு முதல் அது
நல்லா விறைக்க வேணுமாம்.
எங்கட குளிர் காணாதாம்.