அம்புக்குறி

முதல் திரை கேட்கும்: எந்த அரங்கு, எந்த வரிசை, எந்த இருக்கை.
இரண்டாவதில் பாப்கார்ன், மட்டன் ரோல்ஸ், சமோசா,
ஏலக்காய்த் தேநீர், சீனி போட்டதும் போடாததும்.
மூன்றாவதில் பணம்.
நான்காவதில் ஒரு வட்டம் சுழலும்.
அதன் கீழே நானே எழுதிய வாக்கியம்:
உங்கள் தின்பண்டம் புறப்பட்டுவிட்டது.

சமையலறை என்று ஒரு சதுரம் வரைந்தேன்.
இருக்கை என்று இன்னொரு சதுரம்.
நடுவில் ஓர் அம்புக்குறி.
அதை இழுக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை.

ஆறு வாரமாக நான் மல்லுக்கட்டியது வேறு விஷயங்களோடு.
பின்னணி கறுப்பா, கறுப்புக்கு அடுத்த கறுப்பா?
இருட்டில் ஒருவர் கைபேசியைத் திறந்தால்
பின்வரிசை முழுக்கப் பல்லைக் கடிக்குமே.
காரத்துக்கு ஒரு மிளகாய்ப் படமா, இரண்டா?
தோளில் பிள்ளை தூங்கும்போது
மிச்சமிருக்கிற ஒரு பெருவிரலுக்குப் பொத்தான் எட்டுமா?
முதலாளி கேட்டது ஒன்றே ஒன்று:
"இடைவேளையில கியூ நிக்கக்கூடாது தங்கச்சி.
பத்து நிமிஷம், நூற்றெண்பது சனம்.
பாதிப் பேர் கியூவைக் கண்டிட்டுத் திரும்பிப் போகினம்.
அது என்ர காசெல்லோ."

ஸ்கார்பரோ. ஜனவரி. வெள்ளி இரவு. மைனஸ் பத்தொன்பது.
சோதித்துப் பார்க்கப் போனேன்.
பூட்ஸில் ஒட்டிவந்த உப்பும் பனியும்
கம்பளத்தில் கரைந்துகொண்டிருந்தன.
ஜி 14-இல் யாருடையதோ ஒரு குளிர் ஜாக்கெட்,
கைகளை மடியில் போட்டபடி,
டிக்கெட் எடுத்து வந்ததுபோல் படம் பார்த்தது.
நான் ஜி 13.
இரண்டு ரோல்ஸ், ஒரு தேநீர்.
வட்டம் சுழன்றது. புறப்பட்டுவிட்டது.

கதாநாயகி அப்போதுதான் கடிதத்தைப் பிரித்தாள்.
அரங்கம் மூச்சை அடக்கியது.
பக்கக் கதவு ஒரு விரல் அகலம் திறந்து மூடியது.
படிகளில் ஏதோ குனிந்தபடி ஏறியது,
டார்ச் வெளிச்சத்தை உள்ளங்கைக்குள் பொத்தி,
விரலிடுக்கில் அது சிவப்பாய்க் கசிய,
வரிசை வரிசையாக எழுத்தைத் தேடி,
கைப்பைகள், நீட்டிய கால்கள், கழற்றி வைத்த ஒற்றைச் சப்பாத்து,
"மன்னிக்கோணும், மன்னிக்கோணும்" என்று.

அம்புக்குறிக்கு முழங்கால் இருந்தது.
அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை இருந்தது.
சட்டையில் பெயர்ப்பட்டி: நிரோஜன்.
தேநீரை முதலில் ஜாக்கெட்டிடம் நீட்டினான்.
பிறகு என்னிடம்.

படம் முடிந்து விளக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.
சிந்திய பாப்கார்னைக் கூட்டிக்கொண்டிருந்தான்.
செயலியில் என்ன குறை, தயங்காமல் சொல்லுங்கள் என்று
நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.
"ஆப் நல்லம் அக்கா. முந்தி கத்திக் கூப்பிடுவினம்."
அப்புறம் துடைப்பத்தில் சாய்ந்து,
"அந்தக் கடிதத்தில என்ன இருந்தது?"

இந்தப் படத்தைப் பதினொரு காட்சி பார்த்திருக்கிறான்,
தடவைக்கு இருபது நொடி.
சண்டை தெரியும்.
கல்யாணம் தெரியும், படியிறங்கும்போது தோளுக்கு மேலாக.
ஆஸ்பத்திரியில் எல்லோரும் அழுவார்கள்,
அழுகிறவர்கள் சமோசா கேட்பதில்லை,
ஆகவே ஆஸ்பத்திரி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.
"அவ பிரிக்கேக்க எல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு போறன்."

வெறும் தாள் என்றேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
அவன் நம்பவில்லை.
"அப்ப ஏன் ஒருத்தரும் மூச்சு விடேல்ல?"

நோட்டில் எதையும் எழுதாமல் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை, படி ஓரங்களில் எழுத்து ஒளிர வேண்டும் என்றேன்.
அது உம்மட வேலையில்லையே என்றார் முதலாளி.
இல்லைதான்.
என் வேலை நான்காவது திரை.
வட்டத்தை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் மாற்றினேன்:
நிரோஜன் வருகிறார், காலைக் கொஞ்சம் மடக்குங்கள்.

சின்னக் கைபேசிகளில் வரி உடைகிறதாம்.
கடைசிச் சொல் மட்டும் கீழே தனியாக விழுகிறதாம்.
சரிசெய்யவா என்று கேட்கிறார்கள்.
விழட்டும் என்றேன்.