பதினோராம் நாள்

காசிமேட்டுல ஐஸைத் தொடாம
மீன் வித்தவ எவளாவது இருந்தா சொல்லு.
முப்பத்திரண்டு வருசம்
இந்தக் கை ரெண்டும் அதுக்குள்ளதான் கெடந்துது.
கூடைக்கு அடியில ஒரு வரிசை தூளு, மேல ஒரு வரிசை.
குளுருதுன்னு நெனச்சதே இல்ல.

ஸ்டான்லியில நர்சு சொன்னா:
"மருந்து ஏறுனா ஒரு பத்து நாளைக்கு
குளுந்தது எதையும் தொடாதீங்க, குடிக்காதீங்க.
இன்னா வேல செய்றீங்க?"
சொன்னேன்.
சிரிச்சா. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டா.

மொத ஊசிக்கு மறுநாள்
பானைத்தண்ணி ஒரே ஒரு மொடக்கு.
தொண்டைக்குள்ள கண்ணாடி டம்ளர் ஒடஞ்சுது.
மூச்சு இருக்குதா இல்லியான்னே தெரியல.
பக்கத்து வூட்டு ரெபேக்கா ஓடியாந்து
முதுகத் தேய்க்கிறா, ஜெபம் பண்றா, என் புள்ளைய திட்டுறா,
எல்லாம் ஒரே மூச்சுல.

அதுக்கப்புறம் எனக்கு வெந்நிதான்.
கத்திரி வெயில்ல கரண்டு போன மத்தியானம்
தண்டையார்பேட்டையிலயே
ஊதி ஊதி வெந்நி குடிச்சவ நான் ஒருத்தி.

மீன் வாடை கொமட்டுமேன்னு எல்லாரும் கேட்டாங்க.
அது ஒண்ணும் பண்ணல.
எதுத்த வூட்டுல கடுகு தாளிச்சா
வாளியத் தேடி ஓடுவேன்.

தாளும் பேனாவுமா நர்சு கேக்கும்:
"கஷ்டம் எவ்ளோன்னு ஒண்ணுலருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."
எட்டுன்னா மருந்த நிறுத்திடுவாங்க.
ரெண்டுன்னா நம்ப மாட்டாங்க.
வெலை சொல்லிப் பழகுன வாய்தானே, நாலுன்னேன்.
ஏத்தியும் கேக்கல, எறக்கியும் கேக்கல,
அப்படியே எழுதிக்கிச்சு.

ஆறாவது ஊசிக்கு மேல
வெரல் நுனியெல்லாம் வேற யாருதோ ஆயிடுச்சு.
ஒத்த ரூபாயும் ரெண்டு ரூபாயும் ஒண்ணு போல.
ரவிக்கைக்கு ஊக்கு மாட்ட அரை மணி.
எம்.சி. ரோட்டுல ஒருநாள்
செருப்பு கழண்டது தெரியாம
பாதித் தெரு நடந்துட்டேன்.
ஒரு துணிக்கடைப் பையன் எடுத்தாந்து குடுத்தான்.
அப்பவும் நாலுதான்.

அன்னிக்கு வஞ்சிரம் துண்டு போட்டுக்கினு இருக்கேன்.
வாங்க வந்தவரு, "இன்னாம்மா,
மீன்ல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது?"
ஐஸுல கெடந்த வஞ்சிரத்துக்கு
ஏது அவ்ளோ ரத்தம்?
கையத் தூக்கிப் பாத்தேன்.
எனுது.

டாக்டர் பொண்ணு கட்டப் பிரிச்சுப் பாத்துட்டு
தாள எடுத்து வச்சுத் திட்டுச்சு.
"ஆறு தடவையும் நாலு, நாலு, நாலு! இன்னா இது நாகரத்தினம்?"
"பேரம்மா அது"ன்னேன்.
"மருந்தக் கொறச்சா ஆயுசும் கொறயுமா?"
ஒடனே பதில் வரல.
ஃபேனைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு.
"அதையும் பாக்கணும், இந்தக் கையையும் பாக்கணும்.
கொறச்சுப் போட்டுப் பாப்போம்.
இனிமே எங்கிட்ட நெஜ வெலைய சொல்லுங்க."
"ஏழரை"ன்னேன்.
எழுதிக்கிச்சு.

இப்ப ஐஸு ரெபேக்கா போடுறா.
அருவாமணையும் அவகிட்டதான்.
வஞ்சிரத்த அவ வெட்டுற அழகப் பாத்தா
வாய்ப்புண்ணோட வலி தேவலாம்.
வெலை சொல்றது மட்டும் நான்.
வாய் தொறக்க முடியாத நாள்ல
வெரலு. நாலு காட்டுனா நானூறு.
அதுலயும் கொறச்சுக் கேக்குறாங்க,
மூணு வெரல் காட்டி.

அவ டீ வாங்கப் போற நேரமாப் பாத்து
ஒரு சோதனை வச்சிருக்கேன்.
சுண்டு வெரலால கட்டி ஓரத்தத் தொடுவேன்.
அஞ்சாம் நாள் ஊசி.
ஏழாம் நாள் கட்டெறும்பு.
ஒம்பதாம் நாள், ரேடியோவ தொட்டா லேசா ஷாக்கு அடிக்குமே, அது.
பதினோராம் நாள்
ஐஸு வெறும் ஐஸு.

பதினஞ்சாம் நாள் மறுபடியும் ஸ்டான்லி.
நடுவுல நாலு நாள்.
அந்த நாலு நாளும் ரெபேக்காவுக்கு
வடையும் சேத்து வாங்கியாரச் சொல்லி துட்டு குடுப்பேன்.
லேட்டா வரட்டும்.
பொட்டியத் தொறந்து
முட்டி வரைக்கும் ரெண்டு கையையும் உள்ள வுடுவேன்.
நுனி வெரலுக்கு இன்னும் ஒண்ணும் தெரியல.
உள்ளங்கைக்குத் தெரியுது.