உப்புக் கணக்கு

பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது,
பிரேக் வரவில்லை.
உயூனி ஊர் விளிம்பில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து
வண்டிக்கடியில் செருகினாள் யூபேமியா.
"காலையில் வா."

காலையில்
பின்னச்சுக்கு நேர் கீழே
காசளவு ஈரம்.
விரலில் தேய்த்தாள்:
வழுவழுப்பு. டீசல் வாடை இல்லை.

நான்கு சக்கரமும் உலர்ந்துதான் இருந்தன.
கிளிப்பை நெம்பியதும்
குழாய் பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

பதினோரு வருடம்
உப்புவெளியில் பயணிகளைச் சுமந்த ஜீப்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்;
இரும்பைத் தின்ற உப்பு
பிரேக் ஆயில் குடித்திருக்கிறது.

புதுக்குழாய் வளைத்து, நட்டு முறுக்கி,
அடியில் படுத்தபடி
"மிதி" என்றாள்.
மிதித்தேன்.
"விடாதே."
குமிழி. குமிழி.
இன்னும் ஒன்று.
அப்புறம் வெறும் ஆயில்.

கூலியைச் சொன்னாள்.
பதறிய கால்
தானாக மிதித்தது.

பெடல்
கல்லாக நின்றது.