பனியன்

போன டிசம்பரில் நான் செய்ததை
இவன் இன்னும் மறக்கவில்லை.
சவர எந்திரம் உறுமினால் போதும்,
கார் கொட்டகைக்குள் போய்
டயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறான்.

என் தலை வழுக்கை. வெயில் எனக்குத் தெரியும்.
சாட்ஸ்வொர்த்தில், மதியம்
மின்சாரம் போய் விசிறி நின்றதும்
கம்பளி மூட்டையாய்க் கிடந்து இரைத்தவனைப் பார்த்து
பாவம் என்று
ஒட்ட வழித்துவிட்டேன்.
கருணை என்றுதான் நினைத்தேன்.

பத்தாம் நாள் முதுகுத்தோல் சிவந்து உரிந்தது.
முடி ஜூலையில்தான் வந்தது,
திட்டுத்திட்டாய், ஒட்டுப்போட்ட கோணி மாதிரி.

மருத்துவர் நொம்புசோ கையுறையைக் கழற்றியபடி கேட்டார்:
"வெயில் அடிக்கிறதென்று
உங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவீர்களா?"
ஆங்கிலத்தில்தான் கேட்டார்.
எனக்குத் தமிழில் உறைத்தது.

இவனுக்கு இரண்டு உடுப்பாம்.
மேலே முரட்டு முடி, வெயிலைத் திருப்பி அனுப்ப.
உள்ளே பஞ்சு.
உதிர வேண்டிய பஞ்சு உதிராமல் சிக்கிக்கொண்டால்
காற்றுக்கு வழியில்லை.
மேலதைத் தொடாதே, உள்ளதை வாரியெடு.
அவ்வளவுதான் வைத்தியம்.

பனி தேசத்து இனம் என்று மகள் யசோதினி
பனியன் எனப் பெயர் வைத்தபோது
உள்ளே நிஜமாகவே ஒன்று போட்டிருக்கிறான் என
யாருக்குத் தெரியும்?

இந்த ஜனவரியில்
தார் ரோடு புறங்கைக்குச் சுடுமுன்னே நடந்துவிட்டு வருகிறோம்.
பிறகு கொல்லையில், அகலப்பல் சீப்போடு நான்.
தொடையின் பின்புறம். கழுத்துப்பட்டைக்கு அடியில்.
காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு,
அதை இழுக்கக் கூடாது, விரலால் கெஞ்ச வேண்டும்.
கால்விரல் இடுக்கில் உண்ணி தேடுகிறேன்;
எதிர்வீட்டு நாயைக் கொண்டுபோனது
மிளகளவு உண்ணிதான்.
வயிற்றுக்கு ஈரத்துண்டு. நனைத்தால்
தோல்வரை உலர்த்தியாக வேண்டும், டர்பன் புழுக்கத்தில்
அது தனி வேலை.

பஞ்சு பறக்கிறது.
கூரைத் தகர இடுக்கில் குடியிருக்கும் மைனா
ஒரு வாய் கவ்விக்கொண்டு போகிறது, வாடகை பாக்கி போல.
மீதி வேலி தாண்டி
மிசஸ் மூன்சாமியின் கொடியில்,
ஈரமாய்த் தொங்கும் மஞ்சள் வேட்டியில்.

"விரதத் துணிப்பா! நாய் மயிரோடயா
என் பையன் காவடி எடுப்பான்?"

எட்டி நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
"பேசாம மொட்டை அடிச்சா என்ன அதுக்கு?"
"அவனுக்கு நேர்த்திக்கடன் இல்லீங்க."
அவர் சிரிக்கவில்லை.
வேட்டியைத் திருப்பிப் போட
இரண்டு கிளிப் நீட்டினார்.

தைப்பூசம் முடிந்த சாயங்காலம்
பஞ்சாமிர்தக் கிண்ணத்தோடு அவர் மகன் வந்தான்,
புது மொட்டை, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.
பனியன் அந்தத் தலையை ஒருமுறை பார்த்தான்.
என்னை ஒருமுறை.
எழுந்து நேராக டயருக்குப் பின்னால் போனான்.

இருட்டும்வரை கொட்டகை வாசலில் குந்தியிருந்தேன்,
ஒரு கையில் சீப்பு,
மறு கையை விரித்துக் காட்டியபடி.